'100 சதவீத தேர்ச்சி' போர்டு: உள்ளே இருக்கும் கணக்கு தெரியுமா?

மே மாதம் வந்தால் போதும். லஸ் கார்னரில் இருந்து அடையாறு சிக்னல் வரை எந்த மெட்ரிக் பள்ளி வாசலைப் பார்த்தாலும் ஒரே போர்டு தான். சிரித்த முகத்தோடு நாலு பிள்ளைகள் படம், அதற்குக் கீழே மார்க், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் '100 சதவீத தேர்ச்சி'. தி.நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தால் போர்டு கண்ணில் படாமல் வீடு போய்ச் சேர முடியாது.

இந்த ஒரு வரியை நம்பித்தான் பல பேர் நகையை அடகு வைத்து பிள்ளையைச் சேர்க்கிறார்கள். 'அந்த ஸ்கூல்ல ஒருத்தர் கூட ஃபெயில் இல்லியாமே' என்று டீக்கடையில் கேள்விப்பட்டால் மறுநாளே அப்ளிகேஷன் வாங்க கியூ. ஆனால் அந்த நூறு எதில் நூறு? எத்தனை பேருக்கு நூறு? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ரேங்க் போனது, சதவீதம் வந்தது

இன்டர்நெட் எல்லாம் வருவதற்கு முன்னால் ரிசல்ட் என்றால் மாலை பேப்பர் தான். பேப்பர் கட்டு பிரிக்கும் முன்பே கடையில் கூட்டம் மொய்க்கும். ரிஜிஸ்டர் நம்பர் வரிசையாக அச்சாகி இருக்கும். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். அவ்வளவுதான் கதை. அடுத்த நாள் மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் பிடித்தவர்களின் படமும் பேட்டியும் வரும். 'டாக்டர் ஆகி ஏழைகளுக்கு சேவை செய்வேன்' என்ற பேட்டியைப் படிக்காத தமிழன் உண்டா?

2017 மே மாதம் அந்த முறைக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்தது. மாணவர்களுக்கு நடுவே ஆரோக்கியமற்ற போட்டியும் மன அழுத்தமும் வேண்டாம் என்று, பிளஸ்-2, எஸ்.எஸ்.எல்.சி. இரண்டிலும் மாநில ரேங்க் பட்டியல் கிடையாது என அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் செங்கோட்டையன் அறிவித்தார். நல்ல முடிவுதான். சி.பி.எஸ்.இ.யும் இப்போது மெரிட் லிஸ்ட் போடுவதில்லை.

ஆனால் ரேங்க் போன இடத்தில் சதவீதம் வந்து உட்கார்ந்து கொண்டது. மாநிலம் இத்தனை சதவீதம், எந்த மாவட்டம் முதலிடம், எந்த மாவட்டம் கடைசி, அரசு பள்ளி எவ்வளவு, தனியார் பள்ளி எவ்வளவு, நூறு சதவீதம் வாங்கிய பள்ளிகள் எத்தனை. ரிசல்ட் வந்த பத்தாவது நிமிடத்தில் டி.வி.யில் ஓடுவது இதுதான். 2025-ல் பிளஸ்-2 மாநில தேர்ச்சி 95.03 சதவீதம். அரியலூர் மாவட்டம் முதலிடம். போட்டி மாணவனிடம் இருந்து பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் மாறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வராதவர்கள் கணக்கில் வருவதில்லை

சதவீதம் போடுவது சுலபம். பாஸ் ஆனவர்களை பரீட்சை எழுதியவர்களால் வகுத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. இதில் 'எழுதியவர்கள்' என்ற வார்த்தையில் தான் எல்லா விஷயமும் இருக்கிறது.

2023-ம் வருடத்தை எடுத்துக் கொள்ளுங்கள். பிளஸ்-2 தேர்வு மார்ச் 13-ந் தேதி தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடம். அன்றைக்கு மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பரீட்சைக்கே வரவில்லை. தமிழ்நாடே பரபரப்பானது. சட்டசபை வரை போனது. கொரோனா காலத்தில் படிப்பை விட்டு நின்றவர்கள் பெயரும் பட்டியலில் இருந்தது என்று விளக்கம் சொன்னார்கள்.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. தேர்வு எழுதியவர்கள் 8 லட்சத்து 3 ஆயிரத்து 385 பேர். தேர்ச்சி பெற்றவர்கள் 7 லட்சத்து 55 ஆயிரத்து 451 பேர். தேர்ச்சி விகிதம் 94.03 சதவீதம். எல்லா செய்தியிலும் இந்த எண் தான்.

பள்ளிகள் மூலம் பெயர் பதிந்தவர்கள் சுமார் 8.51 லட்சம். அந்த எண்ணால் வகுத்தால் என்ன வரும்? 89-ஐக் கூடத் தொடவில்லை. ஐந்து சதவீதத்துக்கு மேல் காணோம். அரசு பொய் சொன்னது என்று அர்த்தம் இல்லை. இரண்டு கணக்குமே சரிதான். ஆனால் ஒரு கணக்கில் அந்த ஐம்பதாயிரம் பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னொன்றில் இல்லை. மார்ச்சில் பெரிய செய்தியாக இருந்தவர்கள் மே மாதம் வகுத்தலில் காணாமல் போனார்கள்.

ஒன்பதாம் வகுப்பு என்ற கேட்

மாநிலத்துக்கு நடப்பது தெரியாமல் நடக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம். சில பள்ளிகளில் இது தெரிந்தே நடக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்கி உட்கார வைக்கக் கூடாது என்றது. அந்த விதியை மத்திய அரசு பிறகு தளர்த்தினாலும் தமிழ்நாட்டில் எட்டாவது வரை ஆல் பாஸ் தொடரும் என்று மாநில அரசு சொன்னது. அதனால் 'வடிகட்டும்' வேலை முழுக்க ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. பத்தாவதில் பொதுத்தேர்வு. அதற்கு முன்னால் இருக்கிற கடைசி கேட் ஒன்பதாவது.

அரையாண்டு முடிந்ததும் ஆபீஸ் ரூமில் இருந்து போன் வரும். அப்பா ஆட்டோ ஓட்டுபவராக இருப்பார், இல்லை ரங்கநாதன் தெரு கடையில் சேல்ஸ்மேனாக இருப்பார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு போய் நிற்பார். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்:

'உங்க பையன் மேத்ஸ்ல ரொம்ப வீக்கா இருக்கான் சார். டென்த்ல சிரமப்படுவான்.'

'டியூஷன் போடறேன் மேடம்.'

'அதில்ல சார். இப்பவே வேற ஸ்கூல் பார்த்துட்டீங்கன்னா டி.சி.யில பாஸ்னு போட்டுத் தர்றோம். இங்கயே இருந்தா நைன்த்லயே நிறுத்த வேண்டி வரும். அவனுக்கு ஒரு வருஷம் வேஸ்ட்.'

இதில் எங்கேயும் வெளியே போ என்ற வார்த்தை கிடையாது. பையனின் நல்லதுக்குச் சொல்வது போலவே இருக்கும். அப்பாவும் கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கி வந்துவிடுவார்.

இன்னொரு வழியும் உண்டு. பத்தாவது வரை வைத்திருந்து விட்டு, தேர்வுக்கு பெயர் அனுப்பும் நேரத்தில் 'தனித்தேர்வராக எழுதச் சொல்லுங்க' என்பார்கள். தனித்தேர்வர் ரிசல்ட் தனிக்கணக்கு. பள்ளி சதவீதத்தில் அது சேராது.

எல்லா தனியார் பள்ளியும் இப்படி என்று சொன்னால் அது அநியாயம். மெதுவாகப் படிக்கும் பிள்ளையை கடைசி வரை வைத்திருந்து கரையேற்றும் பள்ளிகளும் மயிலாப்பூரிலேயே இருக்கின்றன. பிரச்சினை என்னவென்றால், போர்டை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரு சின்ன கணக்கு

புரிவதற்காக ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.

ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர். அதில் 14 பேர் டி.சி. வாங்கிப் போய்விட்டார்கள். 4 பேரை ஒன்பதாவதிலேயே நிறுத்திவிட்டார்கள். 6 பேர் தனித்தேர்வர். மீதி 96 பேர் பத்தாவது எழுதி 96 பேரும் பாஸ். போர்டில் 100 சதவீதம்.

அந்த 14 பேரும் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெரு மாநகராட்சி பள்ளிக்கு. கேட்டவர்களை சேர்த்துக் கொள்வதுதான் அரசு பள்ளியின் வேலை. அங்கே ஏற்கனவே 60 பேர். இப்போது 74. பழைய 60 பேரில் 57 பேர் பாஸ். புதிதாக வந்த 14 பேரில் 7 பேர் பாஸ். ஆக 64 பேர். சதவீதம் 86.

மறுநாள் பேப்பரில் என்ன வரும்? தனியார் பள்ளி 100, மாநகராட்சி பள்ளி 86. ஆனால் மாநகராட்சி டீச்சர்கள் தங்களிடம் முதலில் இருந்து படித்த பிள்ளைகளில் 95 சதவீதம் பேரை பாஸ் ஆக்கியிருக்கிறார்கள். மற்ற பள்ளி கைவிட்ட பிள்ளைகளிலும் பாதிப் பேரை தேற்றியிருக்கிறார்கள். தனியார் பள்ளி தன்னிடம் இருந்த 120 பேரில் 96 பேரைத்தான் பாஸ் ஆக்கியது. அதாவது 80 சதவீதம்.

நிஜத்தில் சென்னை மாநகராட்சி பள்ளிகளின் பிளஸ்-2 தேர்ச்சி 2023, 2024 இரண்டு வருடமும் 87 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. மாநில சராசரியோ 94. உடனே 'மாநகராட்சி பள்ளிகள் பின்தங்கின' என்று தலைப்பு. அங்கே படிக்கும் பிள்ளைகள் யார், எந்த வகுப்பில் வந்து சேர்ந்தவர்கள், காலையில் பேப்பர் போட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி தலைப்பில் இடம் பிடிக்காது. அதற்காக மாநகராட்சி பள்ளியில் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. ஆசிரியர் காலியிடம், பாதி வருடம் கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பு எல்லாம் பெற்றோருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்தக் குறையை இந்த 87 சொல்லாது. அதற்கு வேறு எண் வேண்டும்.

ஹெட்மாஸ்டருக்கும் தலைவலி

அரசு பள்ளி ஹெட்மாஸ்டரின் நிலைமையும் சுகமில்லை. ரிசல்ட் வந்த பிறகு ஆய்வுக் கூட்டம். சதவீதம் குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் எல்லார் முன்னாலும் விளக்கம் கேட்கிறார்கள். அடுத்த வருடம் என்ன செய்வார் அவர்? ஜனவரியில் இருந்து 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியல் போடுவார். அவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு. எந்த ஒரு மார்க் கேள்வி, எந்த இரண்டு மார்க் கேள்வி எழுதினால் 35 தாண்டும் என்பது அதில் இருக்கும். காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ். திருப்புதல் தேர்வு மேல் திருப்புதல் தேர்வு.

பையன் பாஸ் ஆவான். அது சின்ன விஷயம் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் சர்டிபிகேட் கையில் இருந்தால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று எங்காவது நுழையலாம். ஆனால் 35 வாங்கியவனும் சதவீதக் கணக்கில் ஒன்று, 99 வாங்கியவளும் ஒன்று. நடுவில் 60 மார்க் வாங்கிக் கொண்டு, கொஞ்சம் கவனித்தால் 85 வாங்கக்கூடிய பெண்ணை கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. அவள் எப்படியும் பாஸ் தானே!

கணக்கில் சென்டம்: 20,691-ல் இருந்து 1,996

போன வருடத்தை விட இந்த வருடம் கூடியது, குறைந்தது என்று ஒப்பிடுவதிலும் பெரிய சிக்கல் உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் 2024-ல் கணக்கில் சென்டம் வாங்கியவர்கள் 20 ஆயிரத்து 691 பேர். 2025-ல் வெறும் 1,996 பேர். பத்தில் ஒரு பங்கு!

ஒரே வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு கணக்கு மறந்துவிட்டதா? அதே 2025-ல் அறிவியலில் சென்டம் 5,104-ல் இருந்து 10,838 ஆக உயர்ந்தது. மொத்த தேர்ச்சியும் 91.55-ல் இருந்து 93.80 ஆனது. பிள்ளைகள் அதே பிள்ளைகள் தான். கேள்வித்தாள் மாறியது. ஒரு கேள்வி புத்தகத்துக்கு வெளியே சுற்றி வந்தால் சென்டம் சரியும், ஆனால் பாஸ் பாதிக்காது. ஆகவே 'இரண்டு சதவீதம் முன்னேற்றம்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், பிள்ளைகள் முன்னேறினார்களா, கேள்வித்தாள் இளகியதா என்று கேட்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது.

2020-ல் கொரோனாவால் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையே நடக்கவில்லை. காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து அத்தனை பேரும் பாஸ். தமிழ்நாட்டு வரலாற்றில் கலப்படமே இல்லாத நூறு சதவீதம் என்றால் அதுதான்!

பிளஸ்-1 எங்கே போனது?

சதவீத மோகம் பாடத்தையே விழுங்கிய கதையும் உண்டு. 'பிராய்லர் கோழி பள்ளி' என்று பெயர் வாங்கிய சில ஹாஸ்டல் பள்ளிகளில் பிளஸ்-1 பாடத்தை நடத்தவே மாட்டார்கள். இரண்டு வருடமும் பிளஸ்-2 புத்தகம் தான். மனப்பாடம் செய்து மார்க் அள்ளிவிடுவார்கள். அப்புறம் இன்ஜினியரிங் முதல் வருடத்தில் கணக்கில் அரியர். நீட் தேர்வில் பாதி கேள்வி பிளஸ்-1 பாடத்தில் இருந்து.

இதைத் தடுக்கத்தான் பிளஸ்-1-க்கும் பொதுத்தேர்வு என்று 2017-ல் அறிவித்தார்கள். 2018-ல் முதல் தேர்வு நடந்தது. பிளஸ்-2 மொத்த மார்க்கும் 1,200-ல் இருந்து 600 ஆனது. அடுத்தடுத்து மூன்று வருடம் பொதுத்தேர்வு என்றால் பிள்ளைகள் தாங்குவார்களா என்ற எதிர்ப்பும் கூடவே இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மாநில கல்விக் கொள்கையில் பிளஸ்-1 பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆனால் பிளஸ்-1 புத்தகம் மறுபடி பீரோவுக்குள் போகாமல் யார் பார்ப்பது?

வெளி ஆள் வைத்த பரீட்சை

பொதுத்தேர்வு மார்க்குக்கும் படித்ததற்கும் எவ்வளவு தூரம் என்பதை ஒரு முறை உலகமே பார்த்தது. 15 வயது பிள்ளைகள் படித்ததைப் புரிந்து பயன்படுத்துகிறார்களா என்று சோதிக்கும் 'பிசா' என்ற சர்வதேச தேர்வு உண்டு. அதில் இந்தியா சார்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. மொத்தம் 74 இடங்கள். நம்முடைய இடம் கடைசி மூன்றுக்குள்! அந்த சமயத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

கேள்வி முறை நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அதற்கு அடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. காய்ச்சல் அதிகமாகக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்ட கதை.

2025 பிப்ரவரியில் மாநில திட்டக்குழு ஒரு நல்ல காரியம் செய்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 3, 5, 8-ம் வகுப்பு படிக்கும் சுமார் 9.8 லட்சம் பிள்ளைகளிடம் கற்றல் அடைவு ஆய்வு நடத்தியது. பாஸ், ஃபெயில் கிடையாது. படிக்கத் தெரிகிறதா, கணக்குப் போடத் தெரிகிறதா என்பது மட்டும் தான். இதில் தனியார் பள்ளிகள் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். போர்டு வைக்கும் பள்ளியின் பிள்ளைக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்க்க யாரும் போகவில்லை.

வெளிநாட்டிலும் இதே ரகளை

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் ரிசல்ட்டை பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் வேல்ஸ் 2001-ல் பட்டியலே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. இங்கிலாந்து பிறகு, பிள்ளை சேரும்போது எந்த நிலையில் இருந்தான், வெளியே போகும்போது எங்கே இருக்கிறான் என்ற முன்னேற்றத்தை வைத்து அளக்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் நடந்தது இன்னும் மோசம். ரிசல்ட் காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் ஆசிரியர்களே பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினார்கள். 2015-ல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு.

சதவீதமே வேண்டாமா?

அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பள்ளிவாரியாக எண்ணே வெளியிடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். ஆனால் எண் இல்லாவிட்டால் யாருக்கு லாபம்? பணம் உள்ளவனுக்கு நாலு இடத்தில் விசாரிக்க ஆள் இருக்கிறது. சித்திரகுளம் பக்கம் இட்லி கடை போடும் அம்மாவுக்கு பேப்பரில் வருவதை விட்டால் வேறு என்ன இருக்கிறது? எண் வேண்டும். ஆனால் கூட இன்னொரு எண்ணும் வேண்டும்: ஒன்பதாவதில் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் அதே பள்ளியில் இருந்து பத்தாவது பாஸ் ஆனார்கள்?

இதை வெளியிடுவது கஷ்டமே இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் 'எமிஸ்' நம்பர் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த வருடம் எந்தப் பள்ளியில் இருந்து எந்தப் பள்ளிக்குப் போனது என்பது அரசு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் வந்துவிடும்.

அது வரும் வரை, அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் ஆபீஸ் ரூமிலேயே கேட்கலாம். போன வருடம் நைன்த்தில் எத்தனை பேர்? இந்த வருடம் டென்த் எழுதியவர்கள் எத்தனை பேர்? நைன்த்தில் எத்தனை செக்சன், டென்த்தில் எத்தனை செக்சன்? வாட்ச்மேனைக் கேட்டால் கூட செக்சன் கணக்கு சொல்லிவிடுவார். நாலு செக்சன் மூன்றாகி இருந்தால் அந்த ஒரு செக்சன் பிள்ளைகள் எங்கே என்று கேளுங்கள். முகம் மாறினால் வேறு பள்ளியையும் பார்த்து வையுங்கள்.

ஏற்கனவே படிக்கும் பிள்ளையை டி.சி. வாங்கச் சொன்னால் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ரிசல்ட்டில் ஃபெயில் ஆன பிள்ளைகளுக்கு அந்த வருடமே துணைத்தேர்வு உண்டு. அதில் பாஸ் ஆனால் அதே வருடம் பிளஸ்-1 சேரலாம். மனசு உடைந்து போன பிள்ளையோடு பேச 104-க்கு போன் போட்டால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். துணைத்தேர்வில் பாஸ் ஆனவர்கள் மே மாத போர்டில் இருக்கும் சதவீதத்தில் சேர மாட்டார்கள், ஆனால் அவர்கள் மார்க் சீட்டும் செல்லும்.